மாலினியை ரயில் ஏற்றியது நான்தான்

ஒரு பெண்ணை அவள் புருஷன் வீட்டிலிருந்து கிளப்பி, ரயில் ஏற்றி, மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்த்துவிட்டவள் நான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. அவள் ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதையில் இருந்தாள்.

1991ஆம் வருஷம். எனக்கு இருபது வயது. அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், அதாவது, பாடப் புத்தகங்கள் அஞ்சலில் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர் மண்ணூருக்குப் பக்கம். அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. அந்தக் கூட்டமும் போலீசும் அடங்கி, ஊர் பழையபடி களையெடுக்கப் போக ஆரம்பித்த பிறகு எங்கள் நூலகத்தில் நடந்த விபரீதம் இது.

நூலகம் என்பது பஞ்சாயத்து ஆபீசை ஒட்டிய ஒற்றை அறை. இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு. நூலகர் ஏழுமலை சார் பகுதி நேர ஊழியர். மீதி நேரத்துக்கு அவருக்கு இரண்டு எருமைகள் இருந்தன. காலையில் நாலு ஆண்கள் வந்து தினசரியை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படிப்பார்கள். அதோடு அன்றைய வருகைப் பதிவேடு முடிந்தது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வாசகர் வருகை கூடவில்லை என்றால் நூலகத்தை அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவார்களாம்.

ஏழுமலை சார் உடனே வாசகர் வட்டம் தொடங்கினார். என்னைச் செயலாளர் ஆக்கினார். (வட்டத்துல மொத்தம் ரெண்டே பேர்தான், அவரும் நானும். ரெண்டு பேரை வெச்சிக்கிட்டு வட்டம்னு எப்படிச் சொல்றது? கோடுன்னு வேணா சொல்லலாம்.)

செயலாளரின் வேலை, புதன்கிழமை நாலு மணிக்கு, படிக்கத் தெரியாத பெண்களுக்குப் படித்துக் காட்டுவது. முதலில் செய்தி, பிறகு தொடர்கதை. முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். கைநாட்டு வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, செய்தியைப் பொறுத்துக்கொண்டார்கள். மழை வருமா, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறியதா என்பதைத் தவிர உலகத்தில் வேறு எது நடந்தாலும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. கதை தொடங்கியதும்தான் நிமிர்வார்கள்.

கதையின் நாயகி மாலினி. சென்னையில் ஒரு வீட்டு மருமகள். மாமியார் கொடுமை, புருஷன் வாயில்லாப் பூச்சி. ஒவ்வொரு வாரமும் அவள் கண்ணீரைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொள்வதோடு ‘தொடரும்’ வரும். எங்கள் கூட்டத்தில் முதல் வரிசை குப்பம்மாளுடையது. களையெடுக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. எந்த வயலில் எத்தனை பேர் இறங்குவது என்று அவர்தான் சொல்வார். அவர் பக்கத்தில் மகள் தேவகி உட்கார்ந்திருப்பாள். என் வயதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் மாமியார் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்தவள். யாரோடும் பேசமாட்டாள்.

நாலாவது வாரம் மாலினி ஒருவழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். எழும்பூர் ஸ்டேஷன். ரயில் ஊதுகிறது. படியில் ஒரு காலை வைக்கிறாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே பக்கம் இல்லை. பின்புறத்தில் ஏதோ மீன் குழம்புச் செய்முறை இருந்திருக்கிறது. யாரோ மகராசி கிழித்துக்கொண்டு போய்விட்டாள்.

“இன்னா ஆச்சி? ஏறிட்டாளா?” என்றார் குப்பம்மாள்.

பக்கத்தைக் காணோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வை அப்படி. என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கிழிந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, படிப்பது போலவே சொன்னேன்: “மாலினி ஏறினாள். ரயில் புறப்பட்டது.”

அடுத்த இதழ் வந்ததும் முதலில் எடுத்துப் பார்த்தேன். அச்சில் மாலினி ஏறவில்லை. படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாமியார் காலில் விழுந்திருந்தாள்.

புத்தியுள்ளவள் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் செயலாளர் ஆயிற்றே. பத்திரிகையை விரித்து, அச்சைப் பார்த்தபடி, மாலினியை மறைமலை நகரில் இறக்கினேன். ஏன் மறைமலை நகர் என்றால், சென்னை ஆபீஸ் எதையும் நான் பார்த்ததில்லை. எங்கள் மாமா மகன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது அவன் விடும் அளப்பு முழுவதும் புதன்கிழமை மாலினிக்குப் போய்விடும். மாலினி ஷிஃப்டுக்குப் போனாள். ஓ.டி. பார்த்தாள். கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்ததற்கு சூப்பர்வைசரோடு சண்டை போட்டாள். (அது மாமா மகனுக்கு நடந்தது. அவன் சண்டை போடலை. பல்லியை ஓரமா வெச்சிட்டுச் சாப்பிட்டான்.)

கூட்டம் ஆறிலிருந்து இருபதாகி, நாற்பதானது. அறை கொள்ளாமல் வாசலில் உட்கார்ந்தார்கள். படித்த பெண்கள் யாரும் அந்த நேரத்துக்கு வருவதில்லை. ஆண்கள் தினசரியைத் தாண்டி எதையும் தொடுவதில்லை. ஏழுமலை சார் கதை படிக்கவே மாட்டார். நூலகர் என்றால் படித்தாக வேண்டும் என்று சட்டமா என்ன? ஆகவே நான் மாட்டிக்கொள்ள வழியே இல்லை.

ஒரு புதன்கிழமை குப்பம்மாள் கேட்டார்: “அந்தப் பொண்ணு வேலை செய்யற கம்பெனியில இன்னும் ஆள் எடுக்கறாங்களான்னு போட்டிருந்தா சொல்லும்மா.”

எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது. அன்று தப்பித் தவறி நானும் ஒரு நல்லது செய்தேன். மாமா மகனை விசாரித்தேன். அவன் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குப் பெண்கள் வேண்டும் என்றான். அடுத்த வாரம் மாலினியின் சூப்பர்வைசர் “இன்னும் பத்துப் பேர் வேணும்” என்றார். அதற்கடுத்த திங்கட்கிழமை தேவகி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். (தாவணிக்குக் காலர் இல்லை. ஆனா தூக்கிக்கிட்டேன்.)

வினை ஐப்பசியில் வந்தது. நூலக வார விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஏழுமலை சார் யோசித்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போட்டுவிட்டார்: ‘தங்கள் கதையைக் கேட்க எங்கள் சிற்றூரில் வாரந்தோறும் நாற்பது பெண்கள் கூடுகிறார்கள்.’ எந்த எழுத்தாளர்தான் அதற்குப் பிறகு வீட்டில் இருப்பார்? வருகிறேன் என்று பதில் வந்தது.

“பாத்தியா, உன் உழைப்பு!” என்று கார்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார் சார். எனக்கு அந்தக் கணமே ஜுரம் வந்தது.

விழாவுக்கு முன்னால் ஒரே ஒரு புதன்கிழமைதான் மிச்சம். அதற்குள் மாலினியை மறைமலை நகரிலிருந்து கிளப்பி, மாமியார் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அப்போதுதான் அச்சும் என் வாயும் ஒத்துப்போகும். இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். “மாலினி திடுக்கிட்டு விழித்தாள். எல்லாம் கனவு. பக்கத்தில் அவள் கணவன் உறங்கிக்கொண்டிருந்தான்.”

குப்பம்மாள் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, எட்டு வாரமா எவளாவது தூங்குவாளா? நடுவுல எந்திரிச்சி மூஞ்சி கூடவா கயுவலை?”

“அப்படித்தான் போட்டிருக்கு” என்றேன். அன்று முழுக்க நான் சொன்னதில் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வந்தது அது ஒன்றுதான். நாற்பது பேரும் எழுந்து போனார்கள். ஒருவர்கூடப் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

விழா நாளன்று வயிற்று வலி என்று படுத்துப் பார்த்தேன். “செயலாளர் இல்லாத இன்னாடி விழா?” என்று அம்மா என்னை எழுப்பி, பட்டுப் பாவாடை கட்டி, தலையில் ஒரு முழம் கனகாம்பரமும் வைத்து அனுப்பினாள். பலி கொடுக்கப்போகும் ஆட்டுக்குக்கூட அவ்வளவு அலங்காரம் செய்யமாட்டார்கள்.

எழுத்தாளர் வந்தார். ஐம்பது வயது, வெள்ளை ஜிப்பா, சாந்தமான முகம். ஏழுமலை சார் துண்டு போர்த்தினார். நான் போண்டாத் தட்டோடு பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எழுத்தாளர் பத்து நிமிஷம் பெண் கல்வி பற்றிப் பேசிவிட்டு, “என் கதையைப் பத்தி நீங்க ஏதாவது கேக்கலாம்” என்றார்.

குப்பம்மாள் எழுந்தார். “ஏன் சார், ஒயுங்கா கம்பெனி வேலைக்குப் போய்க்கினு இருந்த பொண்ணை இன்னாத்துக்கு சார் கனவுன்னு சொல்லிட்டீங்க?”

“எந்தக் கம்பெனிம்மா?”

“மறைமலை நகர் கம்பெனிதான். பல்லி வியுந்த சாம்பார எடுத்துக்கினு போய் சூப்பர்வைசர் மேசை மேல வெச்சாளே.”

எழுத்தாளர் ஏழுமலை சாரைப் பார்த்தார். ஏழுமலை சார், இலக்கியத்தில் இதெல்லாம் சகஜம் என்பது போலத் தலையாட்டினார்.

குப்பம்மாள் விடவில்லை. “உனுக்கு அது கதை சார். எம் பொண்ணு அதைக் கேட்டுதான் தைரியமா வேலைக்குப் போனா. போன வாரம் கனவுன்னு படிச்சாங்க. எங்க வூட்டுக்காரு புடிச்சிக்கினாரு. ‘பாரு, கதையில கூட அவ புருசன் வூட்லதான் கீறா, நீயும் கெளம்பு’ன்னு. ரெண்டு நாளா அவ வேலைக்குப் போவல. பெட்டி கட்டி வெச்சிக்கீது. நீ இன்னா சொல்ற?”

தேவகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொள்வோம் என்பது அதன் பிறகு பெரிதாகத் தெரியவில்லை. நான் தூக்கம் வராமல் யோசித்த ஒரு வரி, ஒருத்தியின் பெட்டியைக் கட்டவைத்திருக்கிறது.

“நான் எழுதினதுல அந்தப் பொண்ணு ரயிலே ஏறலைம்மா” என்றார் எழுத்தாளர். “வாசிக்கிறது யாரு?”

நாற்பது தலைகள் பீரோப் பக்கம் திரும்பின. நான் போண்டாத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். “ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தது சார்” என்றேன். எட்டு வாரத்து அட்டூழியத்துக்கு நான் சொன்ன ஒரே சமாதானம் அதுதான். ஏழுமலை சார் நாற்காலியில் உட்கார்ந்தவர், தன் துண்டு என்று நினைத்து, எழுத்தாளருக்குப் போர்த்திய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழுத்தாளர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. கையிலிருந்த மைக்கை என்னிடம் நீட்டினார். “அப்ப நீயே சொல்லும்மா. கனவை விடு. கம்பெனியில அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

எட்டு வாரம் நிறுத்தாமல் பேசியவள், மைக்கைப் பிடித்ததும் ஊமையாகிவிட்டேன். மைக் மட்டும் ‘உய்ய்’ என்றது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது; இரண்டு போண்டாக்கள் தட்டிலிருந்து உருண்டு விழுந்தது மட்டும் ஞாபகம்.

குப்பம்மாள்தான் வந்து மைக்கை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தேவகியைப் பார்த்துச் சொன்னார்: “அவ பர்மனென்ட் ஆயிட்டா சார்.”

“எப்போ?” என்றார் எழுத்தாளர்.

“இன்னிக்கித்தான்.”

பெண்கள் கை தட்டினார்கள். எழுத்தாளரும் தட்டினார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, “அவளை ஏம்மா கம்பெனியில போட்ட? ஆபீஸ்ல போட்டிருக்கலாமே?” என்றார்.

“எனக்கு ஆபீஸ் தெரியாது சார்.”

“எனக்குக் கம்பெனி தெரியாது” என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். அவர் கதையில் மாலினி கடைசிவரை மாமியார் வீட்டிலேயே இருந்து, மாமியாரைத் திருத்தினாள் என்று கேள்வி. எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை.

தேவகி மறுநாள் காலை பஸ்ஸில் இருந்தாள். பெட்டியை அவிழ்த்தது குப்பம்மாளேதான் என்றார்கள். நூலகம் அடுத்த ஊருக்குப் போகவில்லை. கைநாட்டுகள் அவ்வளவு இருந்தன. என் செயலாளர் பதவிகூடப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு நான் படிக்கும்போது ஏழுமலை சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் கதை படித்தது அப்போதுதான். செய்தி படித்தாலும் நம்பிக்கை இல்லை. “ஏரி நெறைஞ்சிடுச்சின்னு போன மாசம் படிச்சியே, அதாச்சும் அச்சுல இருந்ததா, இல்ல நீயே ஊத்தினியா?” என்று ஒருத்தி கேட்டாள்.

இந்தக் கேள்வி நூலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கு எப்படியோ எட்டி, என் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் சரிபார்க்க என்னைத் தவிர எல்லாரும் போனார்கள். கட்டிக்கொண்டவருக்கு அது நல்ல தோதாகப் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மின்சார ரசீதைக்கூட நான் படித்து அவர் ஏற்றுக்கொண்டதில்லை. போன மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லைங்க, எல்லாம் நார்மல்தான்” என்றேன். மனுஷர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, சீட்டை என் கையிலிருந்து வாங்கி, கடைசி வரிவரைக்கும் விரல் வைத்துப் படித்தார். பிறகு என் மகளைப் பார்த்துச் சொன்னார்:

“உங்கம்மா என்னை ரயில் ஏத்திட்டாடி. அச்சுல சுகர் முன்னூறுன்னு இருக்கு.”