படபடப்புக்கு ஆள் பிடித்த வாத்தியார்

நெஞ்சு படபடப்பைப் பற்றி வீட்டில் இனி மூச்சே விடுவதில்லை என்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் முடிவெடுத்தார். ஒரு தரம் வாய்தவறிச் சொன்னதற்கே மனைவி "டாக்டர், டாக்டர்" என்று அதையே பாட்டாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்ன சொல்வார் என்பது வாத்தியாருக்குத் தெரியும். இந்த நெஞ்சோடு கார் சொல்லிக்கொடுக்காதே என்பார். அப்புறம் அந்தப் பக்கத்து சீட்டு, காலடியில் தனக்கென்றே வைத்த தனி பிரேக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்து ஊரையே அதட்டும் உரிமை, எல்லாம் போச்சு.

அதனால் படபடப்பு வரும்போதெல்லாம் பழியைப் போட, தன்னிடம் கார் பழகுகிறவர்களில் ஒரு ஆளைப் பிடித்துவிடுவார். ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்து மூன்றைச் சேர்த்து அடித்தால், அது தையற்கடை அம்மா. ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கியர் போடுகிறவர். கூடைக்குள் அடைத்த கோழியாய் உள்ளே அடித்துக்கொண்டால், அது பேங்க் மேனேஜர். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். மனைவி கண்டுபிடித்துக் கேட்டாலும் இவர்கள் தலையில்தான் போடுவார்.

"சரி, நேத்து டிவி பாக்கும்போது வந்துச்சே, அது யாரு?" என்றாள் மனைவி.

"மேனேஜர்தான். காலைல ஓட்டினதோட மிச்சம்."

"தலை சுத்தி சுவத்தைப் பிடிச்சீங்களே?"

"தையற்கடை அம்மா. யூ டர்ன் போட்டாங்க."

அவள் விளக்கை அணைத்தாள். வாத்தியார் ஜெயித்த களைப்பில் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை மனைவி தனக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். வருஷக்கணக்காக அவர் தட்டிக்கழித்து வந்த விஷயம். ஆனால் வாத்தியார் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தவளுக்கு டாக்டரைப் பற்றிப் பேச வாய் எங்கே ஒழியப்போகிறது? வண்டி துடைக்கக்கூட நிற்காமல் ஏறி உட்கார்ந்தார்.

அவள் பெல்ட் போட்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். கார் வெண்ணெயில் இறங்கின கத்தியாகக் கிளம்பியது. திட்டுவதற்காகத் தொண்டையைச் செருமி வைத்திருந்த வாத்தியாருக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. வளைவுக்கு முன்னாலேயே சிக்னல் போட்டாள். குறுக்கே வந்த நாய்க்கு மரியாதையாக வழிவிட்டாள். அவருடைய பிரேக் காலுக்கு வேலையே இல்லை. தன்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் தானாக வந்த வித்தை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதலில் தாண்டிய பழக்கடையே மறுபடியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரமும் வந்தது.

"ஏம்மா, வழி தவறிட்டியா?"

"இல்லைங்க. பழகிக்கறேன்."

காலியான நேர்ரோட்டில் போகும்போது அது வந்தது. கோழி, கூடை, எல்லாம். வாத்தியார் வழக்கம்போல ஆளைத் தேடினார். லாரி இல்லை. நாயும் எங்கோ போய்விட்டது. தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு மனைவி மட்டும் இருந்தாள்.

"வந்துருச்சா?" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"இப்ப யாருங்க? சொல்லுங்க."

நீதான் என்று சொல்ல வாயைத் திறந்தார். பொய்க்கும் ஒரு முகாந்திரம் வேண்டாமா? ஒரு குலுக்கலாவது குலுக்கியிருக்கலாம், பாவி மகள். வாத்தியாருக்கு முதல்தடவையாக நிஜமாகவே பயம் வந்தது.

"யாரும் இல்லம்மா," என்றார் சின்னக் குரலில்.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போலாம்."

பழக்கடையை ஒட்டின கேட்டுக்குள் கார் திரும்பியது. ஆஸ்பத்திரி. இத்தனை நேரமும் அதைத்தான் அவள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி எடுத்த இ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்த டாக்டருக்கு ஒரே திருப்தி. படபடப்பு இருக்கும்போதே வந்ததால்தான் துடிப்பு தாளம் தப்புவது காகிதத்தில் அகப்பட்டது என்றார். விட்டுவைத்திருந்தால் ஆபத்தில் முடிந்திருக்குமாம். மாத்திரைக்குக் கட்டுப்படுமாம். ஒரு மாசம் மட்டும் பாடம் எடுக்காமல் ஓய்வு, அப்புறம் வந்து காட்டிவிட்டு சீட்டுக்குத் திரும்பலாம் என்று சொல்லியனுப்பினார்.

சீட்டே போச்சு என்றிருந்த மனுஷருக்கு இது லீவு மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினார். அப்புறம்தான் உறைத்தது.

"ஆமா, உனக்கு யாரு கத்துக்குடுத்தா?"

"அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல் சார். லைசென்ஸே வாங்கியாச்சுங்க. இப்ப ஆஸ்பத்திரிலேர்ந்தே போன்ல கேட்டுட்டேன், இந்த ஒரு மாசம் உங்ககிட்ட பழகற ஆளுங்களையும் அந்த சாரே பாத்துக்கறாராம்."

"அவனா? அவனுக்கு என்ன தெரியும்?"

"எனக்கென்னங்க தெரியும்? ஆனா அவரு பக்கத்துல உக்காந்தா, ஓட்டறவங்களுக்குப் படபடப்பே வரதில்லை."