முப்பத்தொரு சென்டிமீட்டர் ஆபத்து

மக்கள் உயிரைக் காப்பது அரசின் தலையாய கடமை என்பதால் அதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. மருந்து, டானிக், தைலம் எல்லாவற்றையும் சோதித்து, ஆபத்தில்லாததற்கு அங்கே சான்று தருவார்கள். சான்று பெற்றதை மட்டுமே ஆஸ்பத்திரி நிதியில் வாங்க வேண்டும் என்று சென்ற மாதம் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். சோதிக்கும் அதிகாரிக்கு ஆய்வுக்கூடம் இல்லை என்பது மட்டுமே குறை. நிதிப் பற்றாக்குறையால் மேலிடம் அவருக்கு ஒரு ஸ்கேல் அனுப்பியிருந்தது.

மனிதர் அசரவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்தார். பக்க விளைவுகள் எத்தனை சென்டிமீட்டருக்கு அச்சாகியிருக்கின்றன என்று அளந்தார். நீளமாக இருந்தால் ஆபத்து, குட்டையாக இருந்தால் பத்திரம். இதைக் கண்டுபிடிக்க அவருக்குப் படிப்பு எதுவும் தடையாக இருக்கவில்லை.

எங்கள் தெருத் தையல்காரரின் மகளுக்கு எட்டு வயது, கடுமையான இழுப்பு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இன்ஹேலரை நம்பித்தான் அவள் பள்ளிக்கூடம் போய்வந்தாள். அதன் பக்க விளைவுப் பட்டியல் முப்பத்தொரு சென்டிமீட்டர். அதை வாங்க நிதி நின்றது. நர்ஸம்மா தையல்காரரைக் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

“சார், இன்ஹேலர் தீர்ந்துபோச்சு. புள்ள மூச்சுக்குத் திணறுது.”

“அம்மா, காகிதத்தைப் படிச்சுப் பாத்தீங்களா? கை நடுங்கும்னு அவங்களே எழுதியிருக்காங்க.”

“கை நடுங்குனா நடுங்கட்டும் சார். மூச்சு நிக்கக் கூடாதுல்ல?”

“மூச்சு நிக்கும்னு இதுல எங்கேயும் போடலியே! போடாத ஆபத்துக்கு நான் எப்படி நடவடிக்கை எடுக்கறது?”

தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “வேற ஏதாவது வழி சொல்லுங்கய்யா.”

அதிகாரி உருகிவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு பாட்டிலை எடுத்தார். “தெம்பூட்டி டானிக். காகிதமே கிடையாது. பூஜ்ஜியம் சென்டிமீட்டர்!”

“உள்ள என்ன சார் இருக்கு?” என்றார் நர்ஸம்மா.

“ஒண்ணும் போடலை.”

“லேபிள்லயா, பாட்டில்லயா?”

“ரெண்டுலயும்தான். அதனாலதானே இவ்வளவு பாதுகாப்பா இருக்கு!”

ஆஸ்பத்திரி நிதி முழுவதும் டானிக்காக மாறியது. வீட்டுக்கு ஒரு பாட்டில் இலவசம் என்றதும் வரிசை தெருமுனையைத் தாண்டியது. முகம் பளபளக்கிறது என்றார் துணிக்கடைக்காரர். மறதி போய்விட்டது என்றார் வாத்தியார். பாட்டிலை மட்டும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். குடிக்காதவர்களை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்தார்கள். எனக்குக்கூட மாடிப்படி ஏறுவது லேசாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஊர் கொதித்தெழுந்தது. இனியும் பொறுக்க முடியாது என்று மனு எழுதி, கோஷம் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்ததும் நர்ஸம்மாவின் கண் கலங்கிவிட்டது. மனுவை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். டானிக்கை ஆரஞ்சுச் சுவையிலும் வழங்க வேண்டும் என்று கேட்டிருந்தோம்.

நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பதினோராவது என்னுடையது. அதிகாரி ஒரே மணி நேரத்தில் ஒப்புதல் கொடுத்தார்.

அதிகாரியிடம் போகிற வழியில் தையல்காரரிடமும் மனுவை நீட்டிப் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், மூச்சுக்குத் தவிக்கும் மகளை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பொது விஷயத்தில் கொஞ்சமும் அக்கறை இல்லாத மனிதர்.