கெப்பாசிட்டி அண்ணனின் டைமன் சரக்கு

ஏலக்காயை மோந்து பார்த்தே அது எந்த மலைச் சரிவில் விளைந்தது என்று சொல்கிறவர்கள் போடிநாயக்கனூரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கப்பாசிட்டரை மோந்து பார்த்து மாஸ்கோவா, சைபீரியாவா என்று சொல்கிற ஆள், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். அவரும் போடிக்காரர். பேர் கெப்பாசிட்டி அண்ணன்.

தொழில் என்னவோ மிக்சி ரிப்பேர். மனசு முழுக்கப் பாட்டுக் கேட்கிற பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். அதற்குள்ளே சுண்டுவிரல் தண்டிக்குத் தகரக் குழாய்கள் இருக்கும். கரண்டைப் பிடித்து வைத்து விடுகிற சாமான். அதுதான் கப்பாசிட்டர். ஊர் வாயில் அது கெப்பாசிட்டியாகி, கடைசியில் அவருக்கே பேராகிவிட்டது. "அண்ணனுக்குக் கெப்பாசிட்டி வந்திருச்சா?" என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். "ஒனக்குத்தான்டா அது வரவே இல்ல" என்பார்.

சாதாரணக் கப்பாசிட்டர் அவருக்கு ஆகாது. ரஷ்யா சோவியத்தாக இருந்த காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். அதைப் போட்டால் கேட்கிற பாட்டு நெய் ஊற்றின மாதிரி இருக்குமாம். இன்டர்நெட்டில் தேடி எங்கெங்கிருந்தோ வரவழைப்பார். பார்சலில் என்ன என்று கேட்ட தபால்காரரிடம், "ரஷ்யாப் பட்டாளத்துச் சாமான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தபால்காரர் பார்சலை வாசலில் வைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டுதான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

வந்த சரக்கு அசலா என்று தெரிய அதன் மேல் இருக்கிற எழுத்தைப் படிக்க வேண்டும். அதற்காகத் தானாகவே ரஷ்ய எழுத்துக் கற்றார். எங்களையும் விடவில்லை.

"இது என்ன எழுத்துடா?"

"‘பி’ண்ணே."

"கிழிஞ்சது. ரஷ்யாக்காரனுக்கு அது ‘வி’. வோல்ட்டு. இது?"

"‘எச்’."

"நாசமாப் போச்சு. அது ‘என்’னுடா!"

இந்தப் படிப்பு முற்றிப்போய் ஊரில் உள்ள இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் ரஷ்யாவாக வாசிக்க ஆரம்பித்தார். மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு ஜீப்பின் முன்கண்ணாடியில் இங்கிலீஷில் ‘பேபி’ என்று எழுதியிருக்கும். டிரைவர் தன் மகளை நினைத்து ஆசையாக எழுதினது. அண்ணன் ‘பி’யை வி ஆக்கி, ‘ஒய்’யை ஊ ஆக்கி, நிதானமாக எழுத்துக்கூட்டி, "வாவூ" என்றார். ஜீப் ஸ்டாண்டே அதைப் பிடித்துக்கொண்டது. "ஏத்தா, வெரசா ஏறு, வாவூ கெளம்பிருச்சு" என்று வேலைக்குப் போகிற பெண்கள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் டிரைவர் கடைக்கே வந்துவிட்டார். "யோவ், எம் மகள நானே வாவூன்னு கூப்பிட்டுத் தொலைக்கிறேன்யா! நீயெல்லாம் நல்லாருப்பியா?"

கப்பாசிட்டர் மேல் இருக்கிற குறிகளிலேயே உசத்தி, சாய்சதுரமாக இருக்கும் டைமன் குறி. பட்டாளத்துக்கென்று சோதித்துத் தேர்ந்தெடுத்த சரக்காம். ஆனால் மை பழசு. அசல் சரக்காகவே இருந்தாலும் ஈரக்கை பட்டால் போச்சு. எழுத்து போனால் அது பேரில்லாத தகரம். ஒருமுறை அவருடைய அக்கா புருஷன் வெற்றிலை போட்ட சுண்ணாம்பு விரலால் ஒன்றைத் தொட்டுவிட்டார். பொங்கலுக்கு நின்ற பேச்சு தீபாவளிக்குத்தான் திரும்ப வந்தது.

நாற்பது தாண்டியும் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ரஷ்ய எழுத்துப் பாடம் நடத்தினால் எப்படி ஆகும்? கடைசியாக ராசிங்காபுரத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் போடியில் ஏலக்காய்க் குடோனில் தரம் பிரிக்கிறவள். அவள் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது, "நான் குடியிருக்கப் போற வீட்ட நாந்தான பாக்கணும்" என்று அவளும் கூடவே வந்துவிட்டாள்.

அக்கா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "தம்பி, இதுவும் தட்டிப்போச்சுன்னா ஒனக்குப் பொண்ணு கேட்டு இனி ஒரு வாசப்படி மிதிக்க மாட்டேன். ரஷ்யான்னு வாயத் தொறக்காத."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பெண் கப்பாசிட்டர் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"இது என்னங்க?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தார். "அது... அசல் சரக்குங்க. டைமன் குறி" என்றார் அண்ணன் பாதிக் குரலில்.

‘அசல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கை குடோனுக்குப் போய்விட்டது. பச்சைச் சாயம் ஏற்றின ஏலக்காயை எப்படிக் கண்டுபிடிப்பாளோ, அதையே செய்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டைமன் மேல் வைத்து அழுத்தி ஒரு தேய்.

டைமன் விரலோடு வந்துவிட்டது.

"சாயம்ப்பா!" என்றாள். அடுத்ததை எடுத்தாள். தேய். அடுத்தது. தேய். "அம்புட்டும் சாயம்! இவங்கள எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான். வித்தவன் நம்பரக் கொண்டாங்க, நான் பேசுறேன். ரஷ்யாவுல இருந்தா என்ன, எனக்கென்ன பயமா?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா புருஷன் செருப்பைத் தேடினார். ஒத்தாசைக்கு வந்திருந்த நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அண்ணன் முகம் சிவந்து, கறுத்து, நாங்கள் பார்த்திராத ஏதோ ஒரு நிறத்துக்கு வந்து நின்றது.

"என்ன மாப்ளே, அம்புட்டும் போலியா?" என்றார் பெண்ணின் அப்பா.

அண்ணன் அவள் விரலில் ஒட்டியிருந்த டைமனைப் பார்த்தார். "ஆமா மாமா. ஏமாந்துட்டேன். இவுக பாக்கலன்னா இன்னமும் ஏமாந்திருப்பேன்."

பெரியவர் மகளைப் பெருமையாகப் பார்த்தார். பூ வைக்கிற நாளை அங்கேயே பேசி முடித்தார்கள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து கேட்டேன். "அண்ணே, உண்மையச் சொல்லுண்ணே. அது அசல்தான?"

"அசல்தான்டா." பெட்டியைத் துண்டால் மூடினார்.

"பெறகு ஏன் போலின்ன?"

"எனக்காக ரஷ்யா வரைக்கும் சண்டைக்குப் போறேங்குதுடா அந்தப் புள்ள. அத அம்புட்டுப் பேரு முன்னாடி தப்புன்னு சொல்லி மூஞ்சியச் சுண்ட வைக்கச் சொல்றியா? போடா, போய்ச் சோலியப் பாரு."

அவர் என்னைவிட ஒரு வயசு சின்னவர். ஊரே கூப்பிடுகிறதே என்றுதான் நானும் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு "சரிண்ணே" என்றபோதுதான் அது மனசிலிருந்து வந்தது.