நாற்பது வீட்டு உப்பு

சக்கரவர்த்தியின் கையில் இருந்த டீ டம்ளர் கடகடவென்று ஆடியது. பாதி டீ வேட்டியில்.

"இன்னாங்க, குளிரா?" என்றாள் பெண்டாட்டி பச்சையம்மா.

"ஆமாமா, குளிர்தான்."

குளிராவது மண்ணாவது! சித்திரை வெயில் ஜவ்வாது மலையையே வறுத்துக்கொண்டிருந்தது. பெயர்தான் சக்கரவர்த்தி, வேலை சரக்குக் கப்பலில் வடம் கட்டுவது. அந்த மலையிலிருந்து கடலுக்குப் போன முதல் ஆள் அவன்தான். எழுபத்தெட்டாம் வருஷம் நடுக்கடலில் ஒரு வாரம் தூங்காமல் ஓயாமல் பேசி, பாடி, எல்லாரையும் கதிகலங்க வைத்தான். பிறகு ஒரு மாதம் வாயே திறக்காமல் சுருண்டு கிடந்தான். கம்பெனி டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து ஆள் தங்கம். இந்த நாலு வருஷமாகக் கேப்டனுக்குத் தெரியும், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியக் கூடாது. தெரிந்தால் பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்களே!

அதனால் மாத்திரை பவுடர் டப்பாவுக்குள். காலை எட்டு மணிக்குப் பச்சையம்மா சொல்லிவைத்தாற்போல் விறகு எடுக்க வெளியே போவாள். அவன் ஒன்றை விழுங்கிவிட்டு டப்பாவை மூடிவைப்பான். தன் அதிர்ஷ்டத்தை நினைத்து அவனுக்கே பெருமை.

டாக்டர் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உப்பையும் தண்ணியையும் குறைக்காதே. குறைச்சா மருந்து உடம்புல ஏறிடும், கை நடுங்கும். நடுங்குற கையோட வந்தா கப்பல் ஏற விடமாட்டேன்."

இன்னும் எட்டு நாளில் மெட்ராஸில் அவர் முன்னால் கையை நீட்ட வேண்டும். பச்சையம்மாவோ கப்பல் நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, பத்து நாளாக உப்பில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கல்லு உப்பு போடேன்."

"வாயக் கழுவுங்க! சாமி காரியம். ஓகோ, மோர்ல கலந்து குடிக்கலாம்னு பாக்கறீங்களா? இன்னியிலேர்ந்து மோரும் கெடையாது."

கோபால்சாமி கடைக்கு ஓடினான். கடை வாசலிலேயே உப்பு மூட்டை.

"அண்ணே, கால் படி உப்பு."

"உப்பா? தீர்ந்துபோச்சேப்பா."

"இதோ இருக்குதே!"

கோபால்சாமி எழுந்துவந்து மூட்டையின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

மூட்டையைக் காட்டிய விரல் நடுங்கியதை மட்டும் அவர் நன்றாகப் பார்த்துவிட்டார். கடைக்கு வந்த ஆளிடம் உடனே பச்சையம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். சக்கரவர்த்தி வீடு திரும்பும்போது புது உத்தரவு தயாராக இருந்தது.

"விரதத்துல ஏதோ கொற. நாளையிலேர்ந்து வெளக்கு வைக்கிற வரைக்கும் தண்ணியும் கூடாது."

செத்தோம் என்று பக்கத்து வீட்டுச் செல்லி அக்காவிடம் போய் விழுந்தான்.

"அக்கா, ஒரு வாய் சாமைச் சோறு போடு."

போட்டாள். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது.

"உப்பு எங்கக்கா?"

"நானும் வுட்டுட்டேன்பா."

அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கே களியும் கீரையும், உப்பில்லை. அதற்கடுத்த வீட்டில் புளிக்குழம்பு, அதிலும் இல்லை. பின்னாலேயே வந்த செல்லி அக்கா சொன்னாள்: "இன்னாத்துக்குப்பா வூடு வூடா அலையற? ஒன் பொண்டாட்டி வேண்டுதலுக்காக நாப்பது வூடும் உப்ப வுட்டுட்டோம். புள்ளத்தாச்சி ஒருத்திக்கு மட்டும் விரதம் வேணாம்னுட்டோம்."

சக்கரவர்த்தி நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டான். ஆப்பிரிக்காவின் முனையில் பனைமர உயரத்துக்கு அலை எழும்பியதைப் பார்த்தவன் அவன். அன்றைக்குக்கூட இப்படி மலைத்துப் போனதில்லை. கடலைக் கண்ணால் பார்த்திராத ஜனங்கள்! நாள் முழுக்கக் காட்டில் பாடுபட்டுவிட்டு, யாரோ ஒருத்தன் ஏறப்போகிற கப்பலுக்காக இந்தச் சப்பென்ற களியைப் பத்து நாளாகத் தின்கிறார்கள். அம்மாடி, இவர்களிடமா மறைத்தோம்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடி டப்பாவை எடுத்துவந்து, அதற்குள் தெருவில் கூடிவிட்ட பச்சையம்மா, கோபால்சாமி எல்லார் முன்னாலும் திறந்து நீட்டினான்.

"இது மனசுக்குத் தின்னுற மாத்திர. நாலு வருஷமா தின்னுறேன். உப்பு இல்லாததாலதான் கை நடுங்குது. இப்பிடியே போனா என்னைக் கப்பல்ல ஏத்தமாட்டாங்க. பைத்தியம்னு சொல்றதா இருந்தா சொல்லிக்குங்க!"

யாரும் அவனைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. பச்சையம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபால்சாமி உப்பு எடுத்துவரக் கடைக்கு ஓடினார்.

செல்லி அக்காதான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அடப்பாவி, உப்பு சமாச்சாரத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒன் பொண்டாட்டி ரெண்டு வருஷத்துக்கு முன்னியே டப்பாவத் தொறந்து பாத்து, ஆலங்காயம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர்கிட்ட இன்னா மாத்திரைன்னு கேட்டுக்கினு வந்துட்டா. அந்த மாத்திர ஒனக்கு நல்லா வேல செய்யணும்னுதானேடா ஊரே உப்ப வுட்டுச்சு!"