மாமாவைக் கடைசியில் வைத்த கணிப்பொறி

வலைப்பின்னல் ஒன்றில் செய்தி குறுகிய வழியில் எப்படிப் போய்ச் சேரும் என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். சொந்தத் தங்கையின் கல்யாணச் செய்தியைத் தாய்மாமனிடம் கடைசியாகக் கொண்டுபோனவனும் நான்தான். ஊரில் நிலைத்தது இரண்டாவது சாதனைதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் குளிரூட்டிய அறைக்குள் வீற்றிருந்த கணிப்பொறிக்குத் துளை போட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகப் படைத்துக்கொண்டிருந்தேன். (செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். பூசையில்கூட நான் அவ்வளவு பக்தியாக நின்றதில்லை.) அப்போது தங்கை ரோஸ்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா கப்பலில் இருந்ததால், பத்திரிகை வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது; லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

"மொதல்ல பெரியதாழைக்குப் போயி மாமாவுக்கு வச்சிரு. அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்" என்றார் அம்மா.

"சரிம்மா" என்றேன், பாமரர்களிடம் அறிஞர்கள் பேசும் தொனியில். என் பெட்டிக்குள் கணிப்பொறி அச்சடித்துத் தந்த வரிசை இருந்தது. குறைந்த அலைச்சலில் எல்லா வீடுகளையும் முடிக்கும் பாதை. மில்லர்புரம், வீரபாண்டியன்பட்டணம், மணப்பாடு, கடைசியாகப் பெரியதாழை. (கடற்கரையோரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் ஊர்களுக்குக் கணிப்பொறி எதற்கு என்று கேட்காதீர்கள். அன்று எனக்கும் தோன்றவில்லை.) மாமா வீட்டுச் சீலா மீன் குழம்பில் போய் முடிகிற பாதை தவறாக இருக்க முடியுமா?

கணக்கில் விட்டது ஒன்றுதான். செய்தி எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் மணப்பாட்டில் அத்தை வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோதே அது மீன் கூடைகளோடு பஸ் ஏறிவிட்டது.

பெரியதாழையில் மாமா சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குள் சட்டை போட்டால் பஞ்சாயத்து என்று அர்த்தம்.

"வாங்க சார்" என்றார். நான் பிறந்ததிலிருந்து என்னை 'ஏலே' என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"மாமா, ரோஸ்லினுக்குக் கல்யாணம்..."

"தெரியும். மணப்பாட்டுல ஒங்க அத்தைக்கு வச்சாச்சாம்லா. எனக்கு இன்னும் வரலியான்னு ஆள் விட்டுத் துக்கம் விசாரிக்கா."

"இது கம்ப்யூட்டர் போட்ட வரிசை, மாமா."

"அதுக்குத் தாய்மாமன் கெடையாதோ?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் காகிதத்தை விரித்து, புள்ளிகளையும் கோடுகளையும் காட்டி, மிகக் குறுகிய பாதையை விளக்கினேன். மாமா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு. மாலையையும் அதயே போடச் சொல்லிருங்க சார்."

மாமன் மாலை போடாமல் எங்கள் வீட்டுப் பெண் கோயிலுக்குப் படியிறங்க மாட்டாள். அன்று குழம்பும் கிடைக்கவில்லை.

மறுநாள் அம்மாவோடு, தட்டு, பழம், வெற்றிலையோடு திரும்ப வந்தேன். மாமா தன் தங்கையான அம்மாவின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"மொதப் பத்திரிக எனக்கு. இது வரைக்கும் வச்சது ஒண்ணும் செல்லாது. எல்லாருக்கும் இனிமத்தான் வைக்கணும்."

வைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் மறுபடியும் பத்திரிகை, மறுபடியும் காப்பி, 'நேத்துத்தான வந்த?' என்ற கேள்வி. மாமா வந்தார், மாலை போட்டார், ரோஸ்லின் படியிறங்கினாள்.

பின்னாளில் நான் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தபோது, அவளுடைய மாமியார் மரியாதையாக விசாரித்தார்.

"ஒங்க அண்ணன் எதுல டாக்டரு?"

"போன வீட்டுக்கே திரும்பப் போறதுல, அத்தை" என்றாள் ரோஸ்லின்.