என் மகனை ஆறாவதாக இறக்கச் சொன்ன உங்கள் தங்கை

மதிப்பும் பாசமும் மிக்க மைத்துனர் டெல்மர் அவர்களுக்கு,

மினசோட்டாவிலிருந்து ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு வாழ்கிறோம். சோளம் ஆளுயரம் தாண்டிவிட்டது. அரிசோனா வெயிலில் நீங்கள் உருகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை மார்டிஸ் நலம். மிக நலம். அவள் அவ்வளவு நலமாக இருப்பதால்தான் இந்தக் கடிதமே எழுத நேர்ந்தது.

நம் ஊர் 'நாரைகள்' பேஸ்பால் அணி பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு வட்டார இறுதிப் போட்டிக்கு வந்த சேதி உங்களுக்குத் தெரியும். போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது பயிற்சியாளர் வெர்னன் கொட்டகைக் கூரையில் தகரம் அடிக்க ஏறினார். ஏறும்போது நம்பிய ஏணியை இறங்கும்போது நம்பவில்லை, குதித்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உடனே கமிட்டி கூடி, இருபத்திரண்டு வருடமாக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் என்ற தகுதியில் என்னைப் பொறுப்பாளர் ஆக்கியது. கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

அன்று மாலையே சமையலறை மேசையில் உட்கார்ந்து மட்டை வரிசையை எழுதினேன். நான்காவது இடத்தில் நம் கர்ட். நான்காவது என்றால் சும்மாவா, மச்சான்? முன்னே போன மூவரும் மூன்று மூலைப் பேஸ்களில் காத்து நிற்க, ஓங்கி ஒன்று விட்டு அத்தனை பேரையும் வீடு சேர்க்கிற இடம். உருளைக்கிழங்கு சாலட் கிண்டிக்கொண்டிருந்த உங்கள் தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கர்ட்ட எதுக்கு நாலாவதா போட்டிருக்கீங்க?"

"அவன் நம்ம புள்ள, மார்டிஸ்."

"தெரியும். பெத்தவ நான்தான். எதுக்கு நாலாவதா?"

"வேலியத் தாண்டி எட்டு ஹோம் ரன் அடிச்சிருக்கான்!"

"மூணு பந்தயும் காத்துல வீசிட்டு அவுட்டாகி வந்தது முப்பத்தொரு தடவ. அதயும் சேத்துச் சொல்லுங்க."

பதினொரு வருடமாக எல்லா ஆட்டத்துக்கும் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்காருகிறாளே, ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டேன். பால் பண்ணையில் இருபத்தொன்பது வருடம் கொழுப்புச் சோதனை செய்தவளை அப்படி நினைத்தது என் பிழைதான்.

"வாளி ரொம்பக் கறந்தா நல்ல மாடுன்னு நீங்க நெனைக்கிறீங்க. எத்தன மாட்டுக்காரங்க என் முன்னாடி அப்பிடி வந்து நின்னு அழுதிருக்காங்க தெரியுமா? சோதிச்சுப் பாத்தா வெறும் தண்ணி."

"நம்ம புள்ள தண்ணிப்பாலா?"

"நான் மாட்டச் சொன்னேன்."

இதோடு விட்டாளா? முதல் ஆளாக எமில் ப்ரொஹாஸ்காவை இறக்க வேண்டுமாம். பிணப்பெட்டிக் கடை எமில்! அவன் உடம்பும் ஓட்டமும் உங்களுக்குத் தெரியும், தொழிலுக்கேற்ற நடை. அவன் எங்கே அடித்தான்? பந்து போடுகிறவன் நாலு பந்தைக் கோணலாகப் போடும்வரை மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்பான். நாலாவது கோணல் ஆனதும் இலவசமாக முதல் பேஸுக்கு நடப்பான். பொறுமைதான் அவன் பிழைப்பே. இதை ஒரு திறமை என்கிறாள் உங்கள் தங்கை.

"எமில் பத்து தடவ எறங்குனா அஞ்சு தடவ அவுட்டாகாம நிக்கறாரு. அடிச்சு நின்னா என்ன, நடந்து நின்னா என்ன? கர்ட்ட ஆறாவதா போடுங்க."

விஷயம் எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. காப்பிக் கடையில் நாலாவது கட்சி ஜன்னலோரம், ஆறாவது கட்சி சுவரோரம் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். நடு மேசையில் வந்து அமர்ந்த பாதிரியாரிடம் நியாயம் கேட்டேன். "நான் ஆத்துமாக்களத்தான் பாக்கறேன், ஆர்வில்" என்றவர், கேக்கை மென்று விழுங்கிவிட்டு, "ஆனா எமில் நல்லாத்தான் நிக்கறாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அவள் கர்ட்டிடமே சொல்லிவிட்டாள். முப்பத்துநாலு வயதுப் பிள்ளை, எரிவாயு லாரி ஓட்டுகிறவன், "சரிம்மா" என்று தலையைக் குனிந்து சாப்பிட்டான். அவள் அவன் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

போட்டியன்று அவனை என் வண்டியில் கூட்டிப்போனேன். பாதி வழியில் அவனே பேசினான்.

"அப்பா, நாலாவதா போய் நிக்கும்போது எனக்குப் பந்தே தெரியறதில்ல. நீங்க எந்திரிச்சு நிப்பீங்களே, அதுதான் தெரியுது. அடிக்காம விட்டா உங்களுக்கு ஏமாத்தமாயிடுமேன்னு வர்றதயெல்லாம் வீசறேன்."

ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். மழை வராது என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

மைதானத்தில் என் சட்டைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நான் எழுதியது. இன்னொன்று உங்கள் தங்கை எழுதிச் செருகியது. அவசரத்தில் நடுவரிடம் தாள் மாறிப்போய்விட்டது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. எமில் முதலாவது, கர்ட் ஆறாவது. தலைவிதி.

கடைசிச் சுற்று. இரு அணியும் நாலுக்கு நாலு. எமில் இறங்கினான், நின்றான், நடந்தான். அடுத்த நால்வரில் இருவர் அவுட், இருவர் தப்பினார்கள். மூன்று பேஸும் நிறைந்து, மூன்றாவதில் எமில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க, கர்ட் வந்தான். நான் எழுந்திருக்கவில்லை, முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பறக்கிற குருவியைக்கூட விடாமல் வீசுகிற பிள்ளை, மூன்று கோணல், இரண்டு நேர் என்று ஆனபின், இன்னொரு நேர் வந்தால் அவுட் என்ற நிலையில் வந்த கடைசிப் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோணல்! நடந்தான். அவனுக்கு இடம்விட எல்லோரும் ஒரு பேஸ் நகர, எமில் ஊர்வலம் போவதைப் போல நடந்து வந்து வெற்றி ஓட்டத்தை முடித்தான். ஓட்டம் என்கிறார்கள், யாரும் ஓடவில்லை. பதினொரு வருடமாக மைதானத்தில் வாயே திறக்காத உங்கள் தங்கை பெஞ்சின் மேல் ஏறி, "எம் புள்ளடா! வீசாம நின்னான் பாரு!" என்று கத்திக் கத்தி அழுதாள். பென்சில் உடைந்துவிட்டது.

இது முழுக்கத் தற்செயல் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அவள் ஏற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மாநிலப் போட்டிக்கும் அவளே வரிசை எழுதப்போகிறாளாம். அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை கண்டித்து எழுத வேண்டும்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவன் நல்ல உடம்பையும் நல்ல குளிர்சாதனப் பெட்டியையும் தரட்டும்.

அன்புள்ள,
ஆர்வில்

பி.கு.: கண்டித்து எழுத வேண்டாம். தாள் மாறவில்லை. வண்டியை நிறுத்தியதும் என் தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். கொடுக்க ஒன்றுதான் மிச்சம். இது உங்கள் தங்கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சண்டை முடிந்துவிடும். இந்த ஒரு வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்குப் போன பத்து வருடத்தில் பேசியதில்லை. சண்டை போடும்போது அவள் எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்பதை உங்களுக்கு எழுதுவது முறையில்லை. அவளுக்கு அண்ணன் ஆயிற்றே.