அர்ச்சுனனைக் கொட்டாத தேனீக்கள்

அர்ச்சுனனுக்கு உலகத்தில் எதற்கும் பயம் கிடையாது, தேனீயைத் தவிர. அதைக்கூட அவர் பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், மரியாதை என்பார். மனைவி அம்புஜவல்லி கொல்லையில் ஆறு தேன்பெட்டி வளர்த்தாள். அந்த மரியாதையின் காரணமாக அவர் ஒரு வருஷமாகக் கிணற்றடிக்கு இந்தப் பக்கம் நின்றே அவற்றைப் பார்த்து வந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவர் தொழில். அவர் தூரிகை தொட்டால் பிள்ளையாரும் முழிப்பார், பூனையும் முழிக்கும். அதனாலேயே வீட்டில் அவருக்கு ஒரு தொல்லை இருந்தது.

"ஊரு பொம்மைக்கெல்லாம் கண்ணு எழுதுறீங்க. நம்ம பெட்டிங்க வெயில்ல வெடிச்சிப் போவுது. ரெண்டு கை பெயிண்ட் அடிச்சிக் குடுத்தா என்னாவாம்?"

"நான் கலைஞன், அம்புஜம். பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆளு வேற."

இந்தப் பேச்சு வாரம் தவறாமல் நடக்கும். வாரம் தவறாமல் அம்புஜவல்லி தோற்றுப் போவாள். அல்லது அப்படித்தான் அர்ச்சுனன் நினைத்துக்கொண்டிருந்தார்.

பங்குனி மாதம் ஒரு சேதி வந்தது. மகளிர் குழு மூலம் கொடுத்த பெட்டிகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறாராம். யார் பூச்சிகளை நன்றாக வைத்திருக்கிறார்களோ, அவர்களைப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் அனுப்புவார்களாம். ரயில் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அர்ச்சுனனுக்கு வாயில் எச்சில் ஊறியது. பிறந்ததிலிருந்து ஜங்ஷன் பக்கத்திலேயே குடியிருக்கிறார். ஊரை விட்டுப் போகிற ரயிலுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார். ஒன்றில் கூட ஏறியதில்லை.

அன்று சாயங்காலம் அம்புஜவல்லி கவலையாக வந்து உட்கார்ந்தாள்.

"நல்லூருக்கு எங்க அக்கா வூட்டுக்குப் போவணுங்க. எள்ளு வயல்ல வேல கெடக்குது. ரெண்டு நாளாவும். ஆபீசரும் அப்பதான் வராரு. என்னா பண்றதுன்னே தெரியல."

"நீ போயிட்டு வா. நான் காட்டிக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை காலு இல்லியா?"

"கொட்டிச்சின்னா?"

"கொட்டட்டுமே. குடும்பத்துக்காவ ரெண்டு கொட்டு வாங்க மாட்டனா?"

அம்புஜவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுங்க. பெட்டி மூடிய மட்டும் நீங்க தொறந்துறாதீங்க. பகல்ல முக்காவாசிப் பூச்சி மேயப் போயிரும், பொழுது சாஞ்சாதான் வூடு திரும்பும். ஆபீசரு வந்தா அவரே தொறந்து பாத்துக்குவாரு."

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே அவள் கிளம்பிவிட்டாள். தெருமுனை தாண்டினாளோ இல்லையோ, அர்ச்சுனன் திட்டத்தில் இறங்கினார். வளர்த்தவன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்பது, கோயம்புத்தூர் ரயிலில் ஜன்னலோரம் பிடிப்பது. அதற்கு முன்னால் பெயிண்ட். அதிகாரி வருகிறார் என்றால் ஒரு கை சுண்ணாம்பாவது அடிக்காத இடம் நம் நாட்டில் உண்டா? பரணில் கிடந்த மஞ்சள் பெயிண்ட் டப்பா கிணற்றடியில் தயாராக இருந்தது, பக்கத்தில் கழுவி வைத்த பிரஷ். அது எப்படி இறங்கி வந்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

கம்பளியைப் போர்த்தினார். தலையில் ஹெல்மெட், அதன் மேல் அம்புஜவல்லியின் நைலக்ஸ் புடவை. கொளஞ்சியப்பர் கோயிலில் முந்தின நாளே சாமிக்குச் சீட்டு எழுதிப் பிராது கட்டியாயிற்று, பூச்சி எதுவும் தன்னைத் தீண்டக் கூடாது என்று. கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு இழுப்பு. ஒரு ரீங்காரம் கூட இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். கம்பளியைக் கழற்றினார். மூன்றாவது பெட்டிக்கு வரும்போது வெறும் பனியனோடு, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடித்தார். ஆயிரக்கணக்கான கொடுக்குகள் உள்ளே அடங்கிக் கிடக்கின்றன, ஒன்று கூடத் தன்னைத் தொடவில்லை. அர்ச்சுனனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மதில் மேல் பக்கத்து வீட்டுப் பக்கிரியின் தலை தெரிந்தது.

"அண்ணே, என்னாண்ணே இது? அண்ணியே பொகை காட்டிட்டுதான கிட்டப் போவும்?"

"அது அவ. நான் தொட்டா அதுங்க அடங்கிருது, பக்கிரி."

"உங்ககிட்ட என்னமோ அருள் இருக்குதுண்ணே."

"எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரே ஒரு பூச்சி வந்து பிரஷ் மேல் உட்கார்ந்தது. அர்ச்சுனன் அசையாமல் நின்றார். பக்கிரியிடம் கிசுகிசுத்தார். "ராணி. நேர்ல பாக்க வந்திருக்குது."

"மாட்டு ஈ மாதிரி இருக்குதேண்ணே."

"உனக்கு என்னாடா தெரியும்?"

பக்கிரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அர்ச்சுனன் அந்தப் பரவசத்திலேயே ஆறு பெட்டியையும் முடித்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'அர்ச்சுனன் தேனீப் பண்ணை' என்று சிவப்பில் எழுதினார். கண் எழுதிய கையல்லவா, எழுத்து முத்து முத்தாக வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளைக்கு அதிகாரி ராஜமாணிக்கம் வந்தார். அர்ச்சுனன் வெற்று மார்போடு வரவேற்றார்.

"பெட்டி என் சம்சாரத்துப் பேர்லதாங்க இருக்குது. ஆனா வளக்குறதெல்லாம் நான்தான். என்னைக் கண்டா அதுங்க கொட்றதே இல்ல."

"அப்படிங்களா?" ராஜமாணிக்கம் முதல் பெட்டியின் மூடியைத் திறந்தார். பிறகு இரண்டாவது. வரிசையாக ஆறும்.

"காலியா இருக்குதே சார்."

"மேயப் போயிருக்குதுங்க. பொழுது சாஞ்சா வந்துரும்."

"ஒண்ணு கூட விடாமயா?"

"எள்ளு பூக்குற சமயமில்லீங்களா, வேல அதிகம்."

"அதுவும் சரிதான். ஆனா போவும்போது அடையையும் அடை கட்டுற சட்டத்தையும் தூக்கிக்கிட்டா போச்சி?"

அர்ச்சுனன் எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தேன்பெட்டியின் உள்ளே பார்த்தார். நாலு பக்கமும் பலகை, நடுவில் காற்று.

ராஜமாணிக்கம் மெதுவாக மூடியை வைத்தார். "நான் காலையிலயே நல்லூர் போயிட்டுத்தான் சார் வரேன். எள்ளு பூத்திருக்குதுன்னு உங்க சம்சாரம் போன வாரமே எல்லாத்தையும் வேற பெட்டிக்கு மாத்தி அங்க கொண்டு போயிட்டாங்க. நீங்க பொம்மைச் சூளையில ராத்திரி ஷிப்டு பாத்தப்ப. இத்தினி வருஷ சர்வீசுல நான் அப்படிப் பாத்ததில்ல. மொகத்துக்கு வலையும் போடல, கைக்கு உறையும் போடல. முழங்கை வரைக்கும் பூச்சி. அவங்க பாட்டுக்கு என்கிட்ட பேசிக்கிட்டே சட்டத்தைத் தூக்கிக் காட்டுறாங்க. கும்புடணும் போல இருந்துச்சி சார்."

அர்ச்சுனனுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தவள்.

"கோயம்புத்தூருக்கு?" என்று கேட்டார்.

"அவங்கதான். திங்கக்கெழம ரயிலு."

"அப்பறம் நீங்க எதுக்குங்க இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"அவங்கதான் சார் அனுப்புனாங்க. 'வூட்ல காலிப் பெட்டிக்குப் பெயிண்ட் வேல நடக்குது, போற வழியில ஒரு பார்வ பாத்துருங்க'ன்னாங்க. 'பத்து நாளு நல்லாக் காயணும், அப்பதான் புதுக் கூட்டம் விட முடியும். பேரு எழுதியிருந்தா அழிச்சிரச் சொல்லுங்க'ன்னாங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கிரி இருமினான்.

ராஜமாணிக்கம் சிவப்பு எழுத்தைப் படித்தார். மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கொல்லை மண்ணில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே நிதானமாகப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அடிப்பக்கம் பாக்கி இருக்குதே சார்."